பாக்கெட்டின் பின்பக்கம்

திருச்சுழி வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஊட்டச்சத்து பற்றிய பாடத்தை மூன்று நாள்கள் வேறு விதமாக நடத்தினேன். அப்படி நடத்த வேண்டி வந்தது என்னுடைய தவறு ஒன்றினால்தான். அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்று முதல் பாடவேளை. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் கையை விட்டு விட்டு எதையோ வாயில் போட்டுக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். அதை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். "இதுல அஜினோமோட்டோ இருக்கு. அது விஷம். விஷம்னு தெரிஞ்சே விக்கிறாங்க, நீங்களும் வாங்கித் திங்கிறீங்க" என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மதிய உணவு வேளையில் ஒரு மாணவி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தோழி என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அவங்க அம்மாதான் டீச்சர் கடை வச்சிருக்காங்க. அவன் அங்கதான் வாங்குனான்." பிறகு அந்த மாணவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார். அந்தப் பாக்கெட்தான் அவனுடைய காலைச் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அவனுடைய தம்பிக்குப் பள்ளியில் காலை உணவு கிடைக்கிறது, இவனுக்குக் கிடையாது.

அன்று மாலை வீட்டில் அந்தக் காலி பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். நான் விஷம் என்று சொன்ன பொருளின் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை. படிக்காமலே ஒரு பாக்கெட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில், "நேத்து நான் சொன்னது தப்பு. அந்தப் பாக்கெட்டுல என்ன இருக்குன்னு நானும் படிக்கல. இப்ப எல்லாரும் சேர்ந்து படிப்போம்" என்று தொடங்கினேன்.

முதல் நாள்: பட்டியலைப் படித்தல்

தெருவில் கிடக்கும் காலிப் பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துவரச் சொல்லியிருந்தேன். யார் எதைத் தின்றார்கள் என்ற கேள்வி வரக் கூடாது என்பதற்காகவே தெருவில் கிடந்ததைக் கேட்டேன். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு பாக்கெட். எழுத்து மிகச் சிறியது, பெரும்பாலும் ஆங்கிலம். எனவே முதல் பத்து நிமிடம் அறிவியல் வகுப்பு ஆங்கில வகுப்பானது. உருப்பெருக்கி லென்சுகளை எடுத்துக் கொடுத்தேன். தாவரவியல் பாடத்துக்கு அப்பால் அவற்றுக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

குழுக்களுக்கு ஒரே ஒரு விதியை மட்டும் சொன்னேன். உட்பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. ஆகவே முதலில் நிற்பதுதான் அந்தத் தின்பண்டத்தில் மிகுதியாக இருப்பது.

இந்த ஒரு விதியே நிறைய விஷயங்களை வெளியே கொண்டுவந்தது. மெல்லிய வில்லைகளாக இருந்த சிப்ஸில் முதலில் உருளைக்கிழங்கு, இரண்டாவது எண்ணெய், மூன்றாவது மசாலாக் கலவை. குச்சி வடிவிலும் வளைய வடிவிலும் இருந்த சில பாக்கெட்டுகளில் அரிசி மாவு, சோள மாவு, எண்ணெய், கடலை மாவு என்று வந்தது. "டீச்சர், இதுல கிழங்கே இல்ல!" என்று ஒரு குழு கத்தியது. இன்னும் சிலவற்றில் கிழங்கு இருந்தது, ஆனால் உலர்ந்த உருளைக்கிழங்குத் தூளாகவும் மாவுச்சத்தாகவும் இருந்தது. கிழங்குச் சுவை என்று நினைத்துக்கொண்டிருந்தது பல நேரம் மசாலாவின் சுவைதான் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பின்பு எண்களுக்கு வந்தோம். உணவுச் சேர்பொருள்களுக்கு உலகம் முழுவதும் ஒரே மாதிரி எண் வழங்கும் முறை உண்டு. அதை ஐ.என்.எஸ். எண் என்பார்கள். சிப்ஸ் வகைகளில் திரும்பத் திரும்ப வந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினோம்.

330 – சிட்ரிக் அமிலம். எலுமிச்சையில் உள்ள அமிலம். புளிப்புக்காகச் சேர்ப்பது.
296 – மாலிக் அமிலம். ஆப்பிளில் உள்ள அமிலம். இதுவும் புளிப்புக்கே.
551 – சிலிக்கான் டை ஆக்சைடு. மசாலாத் தூள் ஈரத்தில் கட்டிபிடிக்காமல் இருக்க.
627 – டைசோடியம் குவானிலேட். சுவைகூட்டி.
631 – டைசோடியம் இனோசினேட். சுவைகூட்டி.
621 – மோனோசோடியம் குளுட்டமேட், சுருக்கமாக எம்.எஸ்.ஜி. சுவைகூட்டி. அஜினோமோட்டோ என்பது இதை விற்கும் ஒரு வணிகப் பெயர்.

நாங்கள் பார்த்த சிப்ஸ் பாக்கெட்டுகளில் 627, 631 ஆகிய இரண்டும் சேர்ந்தே வந்தன. சிலவற்றில் 621 இல்லை. "அப்போ இந்த ரெண்டும் என்ன வேலை பாக்குது?" என்ற கேள்வியோடு மணி அடித்தது.

இரண்டாம் நாள்: மூக்கும் நாக்கும்

மல்லி இந்தக் கரிசல் மண்ணில் விளைவது, எல்லோர் வீட்டிலும் இருப்பது. மறுநாள் லேசாக வறுத்துப் பொடித்த மல்லியைக் கொண்டுபோனேன். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு மெல்ல வேண்டும். "மண்ணு மாதிரி இருக்கு டீச்சர்." இப்போது மூக்கை விட்டுவிடச் சொன்னேன். மல்லி வாசம் சட்டென்று வந்து நிறைந்ததும் முகங்கள் மாறின. இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மணம், அது வாயின் பின்பக்கமாக மூக்குக்குப் போகிறது என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினேன். மணமூட்டி, மணத்தைத் தருவது. சுவைகூட்டி, தனக்கென்று பெரிய மணம் ஏதும் இல்லாமல் நாக்கில் வேலை செய்து, ஏற்கெனவே இருக்கும் சுவையை எடுப்பாக்குவது.

அடுத்த கேள்வி தமிழ்ப் பாடத்திலிருந்து வந்தது. "அறுசுவைன்னு படிச்சோம். அறிவியல் புத்தகத்துல அஞ்சுன்னு சொல்றாங்களே?" நல்ல கேள்வி. நாக்கில் தனி ஏற்பிகள் உள்ள சுவைகளை அறிவியல் எண்ணுகிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு நான்கும் இரண்டு பட்டியலிலும் உண்டு. கார்ப்பு என்பது சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகள் தரும் உணர்வு. அதனால்தான் மிளகாய் அரைத்த கையும் எரிகிறது. துவர்ப்பு, வாயின் உட்புறம் சுருங்குவது போன்ற தொடு உணர்வோடு நெருங்கியது. நம் முன்னோர் உண்பவரின் அனுபவத்தைக் கொண்டு பிரித்தார்கள், அறிவியல் ஏற்பிகளைக் கொண்டு பிரிக்கிறது. அந்தப் பிரிவில் ஐந்தாவதாக வருவது உமாமி.

ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகெடா, கொம்பு என்னும் கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றுக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு எதிலும் அடங்காத ஒரு சுவை இருப்பதைக் கவனித்தார். 1908இல் அதற்குக் காரணம் குளுட்டமேட் என்று பிரித்தெடுத்துக் காட்டினார். குளுட்டமிக் அமிலம் அதற்கு முன்பே, 1866இல், கோதுமைப் புரதத்திலிருந்து ஜெர்மானிய வேதியியலாளர் ரிட்ஹாசனால் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அதற்கு ஒரு சுவை உண்டு என்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. இகெடாவின் கண்டுபிடிப்பு 1909இல் விற்பனைக்கு வந்தது. அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் உலர்ந்த மீனிலிருந்து இனோசினேட்டைக் கண்டறிந்தார். 1957இல் அகிரா குனினாகா குவானிலேட்டின் சுவையைக் கண்டறிந்ததோடு, குளுட்டமேட்டும் இவையும் சேரும்போது தனித்தனியே தருவதைக் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு சுவை எழுகிறது என்பதையும் விளக்கினார். இன்று எம்.எஸ்.ஜி. பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவுச்சத்து போன்றவற்றை நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுகிறது.

இதை ஜப்பானோடு விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு அந்நியமாகவே நிற்கும். "கருவாட்டுக் குழம்புல அம்மா என்ன போடுவாங்க?" என்று கேட்டேன். புளி, மிளகாய், கத்திரிக்காய், தக்காளி. பழுத்த தக்காளியில் குளுட்டமேட் நிறைய உண்டு, பழுக்கப் பழுக்க அது கூடும். உலர்ந்த மீனில் இனோசினேட் உண்டு. இரண்டும் ஒரே சட்டியில் சேர்கின்றன. சிப்ஸ் மசாலாவில் தக்காளித் தூளும் 631உம் சேர்வது அதே வேதியியல்தான். உருளைக்கிழங்கிலேயே இயற்கையாகக் குளுட்டமேட் இருக்கிறது. அதனால்தான் 621 சேர்க்காத பாக்கெட்டிலும் 627, 631 இரண்டும் சொற்ப அளவிலேயே நன்றாக வேலை செய்கின்றன. நேற்றைய கேள்விக்கு இதுதான் விடை.

வதந்திகளை என்ன செய்வது?

ஒரு மாணவன் எழுந்தான். "631ன்னா பன்னிக் கொழுப்புன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு டீச்சர்." இந்தக் கேள்வி எல்லாப் பள்ளியிலும் வரும். தவிர்த்துவிடாதீர்கள், பலருடைய வீட்டு நம்பிக்கைகளைத் தொடும் விஷயம் இது. இனோசினேட் கொழுப்பே அல்ல. அது உயிரணுக்களில் உள்ள நியூக்ளியோடைடு வகையைச் சேர்ந்த உப்பு. அதை இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்க முடியும் என்பது உண்மை. மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் பெருமளவில் தயாரிக்கிறார்கள். எதிலிருந்து எடுத்தது என்பதை எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது. அதற்குத்தான் நம் நாட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்ற சைவக் குறியீடு இருக்கிறது. குறியீட்டைப் பார், எண்ணைக் கண்டு பயப்படாதே என்று சொன்னேன்.

அடுத்தது நான் கிளப்பிவிட்ட வதந்தி. எம்.எஸ்.ஜி. விஷமா? 1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு வாசகர் கடிதத்திலிருந்து இந்த அச்சம் பரவியது. சீன உணவகத்தில் சாப்பிட்ட பிறகு தமக்கு மரமரப்பும் படபடப்பும் வருவதாக ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். காரணம் என்னவாக இருக்கலாம் என்று அவர் ஊகித்த பலவற்றில் எம்.எஸ்.ஜி. ஒன்று. பின்னர், யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று இரு தரப்புக்கும் தெரியாதபடி நடத்திய சோதனைகளில், சாதாரண உணவோடு உண்ணும் அளவில் அந்த அறிகுறிகள் திட்டமாகத் திரும்ப வரவில்லை. உணவே இல்லாமல் 3 கிராமுக்கு மேல் உட்கொள்ளும்போது சிலருக்குத் தலைவலி போன்ற தற்காலிகத் தொல்லைகள் வரலாம் என்று தெரிந்தது. உலக நல நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து நடத்தும் வல்லுநர் குழு, 1987இல், இதற்கு எண்ணளவில் தினசரி வரம்பு தேவையில்லை என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் ஒரு வரம்பை வைத்தது: ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 1,200 மில்லிகிராம்.

இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அறிஞர்கள் ஒரே கேள்விக்கு வேறு வேறு அளவில் எச்சரிக்கையாக இருக்கலாம், அதுவும் அறிவியல்தான். ஆனால் 'விஷம்' என்ற சொல்லை இரு தரப்பும் பயன்படுத்தவில்லை. தாய்ப்பாலிலேயே குளுட்டமேட் உண்டு என்று சொன்னபோது அந்தக் கடைக்காரம்மாவின் மகள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எங்கம்மா விக்கிறது விஷம் இல்லல்ல?" என்றாள். "விஷம் இல்லம்மா. ஆனா அதுக்காக அது காலைச் சாப்பாடும் இல்ல. ஏன்னு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாப்போம்" என்றேன்.

மூன்றாம் நாள்: கணக்கு

முதலில் கிழங்குக் கணக்கு. பச்சை உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பொரிக்கும்போது தண்ணீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் புகுகிறது. முடிவில் சிப்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்று முதல் நான்கு கிலோ கிழங்கு வேண்டும்.

"வீட்டுல பொரிச்சா மட்டும் ஏன் டீச்சர் கருகிப்போகுது?" இதற்கும் விடை உண்டு. கிழங்கில் உள்ள குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள் அமினோ அமிலங்களோடு சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறம் தருகின்றன. குளிர்க்கிடங்கில் வைத்த கிழங்கில் அந்தச் சர்க்கரை கூடிவிடும். அதனால் சட்டென்று கருத்து, கசக்கும். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், சர்க்கரை குறைவாகவும் திடப்பொருள் மிகுதியாகவும் உள்ள குஃப்ரி சிப்சோனா என்னும் வகைகளைச் சிப்ஸ் தொழிலுக்கென்றே உருவாக்கியது. நம் ஊட்டியில் முத்தோரையிலும் அந்த நிறுவனத்தின் நிலையம் உண்டு. அதே பழுப்பு வினையில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் கலந்துகொள்ளும்போது அக்ரிலமைடு என்ற விரும்பத்தகாத பொருள் உண்டாகிறது. பொரித்த உணவுகளில் அது இருப்பதை 2002இல் சுவீடன் அறிவியலாளர்கள் வெளிப்படுத்தினார்கள். வீட்டிலும் கிழங்கைப் பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், கருகவிடக் கூடாது. எல்லோரும் அஞ்சும் எண்ணைவிட இந்தக் கருகல் கவனிக்கத்தக்கது.

அடுத்து உப்புக் கணக்கு. பாக்கெட்டில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. எடுத்துக்காட்டாக, 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. 20 கிராம் பாக்கெட்டில் 0.4 கிராம். வளர்ந்தவர்களுக்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக நல நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு பாக்கெட் பெரிய குற்றமில்லை என்று கணக்கே சொல்கிறது. ஆனால் நாளுக்கு மூன்று பாக்கெட் என்றால் 1.2 கிராம், வீட்டுச் சாப்பாட்டின் உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்கு மேல்.

கடைசியாகப் புரதக் கணக்கு. இதற்காக மூன்று பொருள்களை ஒரே எடையில், 20 கிராம் வீதம் நிறுத்து வைத்தேன். சிப்ஸ், பொரிகடலை, வறுத்த நிலக்கடலை. (நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.) தோராயமான அளவுகள் இவை:

சிப்ஸ் – புரதம் 1.4 கிராம், கொழுப்பு 7 கிராம்.
பொரிகடலை – புரதம் 4 கிராமுக்கு மேல், கொழுப்பு 1 கிராம்.
நிலக்கடலை – புரதம் 5 கிராம், கொழுப்பு 8 கிராம்.

மூன்றையும் வெள்ளைத்தாளில் வைத்து நசுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சிப்ஸ் வைத்த தாளிலும் நிலக்கடலை வைத்த தாளிலும் எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவியது. "அப்ப கடலையும் சிப்ஸும் ஒண்ணுதானே டீச்சர்?" என்றான், அன்று பாக்கெட்டோடு பிடிபட்ட அதே மாணவன். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. கறையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் கடலையில் எண்ணெயோடு மூன்று மடங்குக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, உப்பு கிடையாது. சிப்ஸ் பொரிக்கப் பயன்படும் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். மென்று தின்ன நேரமாகும் என்பதால் ஒரு பிடியிலேயே போதும் என்று தோன்றும்.

அப்போதுதான் இந்த மூன்று நாளும் நான் சொல்ல வந்தது எனக்கே தெளிவாயிற்று. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி, அதில் குளுட்டமிக் அமிலம் ஒரு முக்கியக் கண்ணி. உளுந்திலும் பாசிப்பயற்றிலும் கடலையிலும் அது நிறைய உண்டு. ஆனால் சங்கிலியில் கட்டுண்டு கிடப்பதால் நாக்குக்கு அது தெரியாது. கட்டவிழ்ந்து தனியே இருந்தால்தான் நாக்கு உணரும். உமாமிச் சுவை என்பது 'புரதம் வருகிறது' என்று நாக்கு உடம்புக்குச் சொல்லும் செய்தி என்று பல அறிவியலாளர்கள் விளக்குகிறார்கள். சிப்ஸில் அந்தச் செய்தி உரக்கக் கேட்கிறது, புரதமோ சொற்பம். பயற்றில் புரதம் நிறைய, செய்தி மட்டும் மெல்லக் கேட்கிறது.

நம் கரிசலில் மழையை நம்பி விதைத்து எடுக்கும் உளுந்தும் பாசியும் குதிரைவாலியும் வண்டியேறி வெளியூருக்குப் போகின்றன. அதே வண்டித் தடத்தில் பாக்கெட்டுகள் ஊருக்குள் வருகின்றன. பிள்ளைகள் பயற்றை வெறுப்பதாக நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். வெறுக்கவில்லை, அவர்கள் நாக்கு உரத்த குரலுக்குப் பழகியிருக்கிறது. அந்த மெல்லிய குரலை நம் வீட்டு முறையிலேயே கொஞ்சம் எடுத்துக் கொடுக்கலாம். சுண்டலில் பழுத்த தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம், எலுமிச்சை பிழியலாம், வறுத்த மல்லிப்பொடி தூவலாம். மறுவாரம் மதிய உணவுக் கூடத்தில் சமையலர் அக்காவிடம் கேட்டுப் பயற்றில் தக்காளி சேர்க்கச் சொன்னோம். தட்டில் மிச்சம் வைப்பது அன்று குறைந்திருந்தது.

கடைவாசலில்

ஒரு மாலை அந்தக் கடைக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். பள்ளிகளில் பாதுகாப்பான உணவு குறித்த 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் மாணவர்களுக்கு விற்கக் கூடாது. மாணவர்களை விட்டு அளக்கச் சொல்வது நல்ல செயல்பாடாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டை மற்ற பிள்ளைகள் அளவு நாடா கொண்டு அளக்கும் பாடம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டே நடந்தேன். அந்தக் கடை அந்தத் தொலைவைத் தாண்டித்தான் இருந்தது. சட்டத்தால் தீரும் விஷயம் இல்லை.

"அக்கா, அன்னைக்கு வகுப்புல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பரவால்ல டீச்சர், பிள்ளை வந்து சொல்லிருச்சு" என்றவர், நான் கேட்காமலே தொடர்ந்தார். "நான் விக்கலேன்னா அடுத்த தெருவுல வாங்குவாங்க. சுண்டல் போட்டுப் பாத்தேன். மத்தியானத்துக்குள்ள விக்கலேன்னா ஊசிப்போகும், நட்டம் என் தலையில. இந்தப் பாக்கெட்டு மாசக்கணக்குல கெடக்கும்."

வகுப்பில் நைட்ரஜன் பற்றிச் சொல்லியிருந்தேன். பாக்கெட்டைக் காற்றடைத்து ஏமாற்றுகிறார்கள் என்பார்கள் பிள்ளைகள். அது நைட்ரஜன், எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்குப்பிடிக்காமலும் சிப்ஸ் நொறுங்காமலும் காப்பது. அந்த வேதியியலுக்கு ஒரு சிறுகடையின் வரவு செலவோடு இவ்வளவு தொடர்பு இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. கெடாமல் இருப்பதுதான் அவருக்கு முக்கியம். அப்படியானால் கெடாத வேறு எது என்று பேசினோம். பொரிகடலை, வறுகடலை, கடலைமிட்டாய். "எங்க காலத்துல காகிதத்துல சுருட்டி வித்ததுதான" என்றார்.

இப்போது அந்தக் கடையில் பாக்கெட் சரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் இருக்கின்றன. பாக்கெட்டுகளும் தொங்குகின்றன, அவையே இன்னும் அதிகம் விற்கின்றன. பொரிகடலையும் போகிறது என்கிறார் அவர். கடைசி வரிசை மாணவனுக்காக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து காலையில் ஒரு டப்பா பொரிகடலை அலுவலக அறையில் வைக்கிறோம். பசியோடு வரும் பிள்ளை யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். அது காலை உணவுக்கு ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும்.

இதே பாடத்தை நடத்த நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். காலிப் பாக்கெட்டுகளே போதும், புதிதாக வாங்க வைக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு உட்பொருள் பட்டியலை மட்டும் பேசுங்கள். 'இரசாயனம்' என்ற சொல்லை வசைச் சொல்லாகப் பயன்படுத்தாதீர்கள், அடுத்த பாடவேளையில் நாம்தான் வேதியியல் நடத்தப் போகிறோம். ஒவ்வோர் எண்ணுக்கும் 'இது என்ன, எதற்கு, எவ்வளவு' என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, அந்தப் பாக்கெட்டைப் பிள்ளை ஏன் காலையில் தின்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன்.